கூட்டுக்காளையின் ஓய்வு நாட்கள்

நெலுவத்தைப் பட்டின சபையும் உடகும்புரைக் கிராம சபையும் ஒன்றோடொன்று பேசாமல் இருந்ததற்குக் காரணம் குப்பை. பட்டினத்துக் குப்பை வண்டி எல்லைப் பாலத்தைத் தாண்டி வந்து கிராமத்துக் கரையில் கொட்டிவிட்டுப் போகிறது என்றார்கள் கிராமத்தார். குப்பையைக் கொண்டுவந்து ஒதுக்கியது ஆறு, ஆற்றுக்கு நாங்கள் சம்பளம் கொடுப்பதில்லை என்றார்கள் பட்டினத்தார். இந்த நிலையில்தான் பதுளை அரசாங்கக் கச்சேரியிலிருந்து இரண்டு சபைகளுக்கும் ஒரே சுற்றறிக்கை வந்தது. அயல் சபைகள் சேர்ந்து நடத்தும் பொருளாதார அபிவிருத்தித் திட்டங்களுக்கே இனி அரசாங்கம் கைகொடுக்கும், தனியாகக் கேட்கும் சபைக்கு ஒன்றும் கிடையாது என்பது அதன் சாரம்.

அன்று மாலையே பட்டின சபைத் தலைவர் லத்தீப் ஹாஜியார் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் பாலத்தைத் தாண்டினார். கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருப்பவர்; வார்த்தையையும் ஆணியைப் போல நிறுத்துத்தான் கொடுப்பார். கிராம சபைத் தலைவர் முதியான்சே ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர்; ஊர் முழுவதையும் ஒரு பெரிய வகுப்பறையாகவே பார்த்துப் பழகிவிட்டவர். இருவரும் குப்பையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒத்துழைப்பைப் பற்றி இருட்டும்வரை பேசினார்கள்.

எதில் ஒத்துழைப்பது என்பதுதான் தெரியவில்லை. கூட்டுக் குழு ஒன்று அமைந்தது. பட்டின சபையின் தலைமைக் கிளாக்கர் கணபதி அதற்குச் செயலாளர். மூன்று மொழியும் தெரிந்தவர், மூன்றிலும் தேவைக்கு மேல் பேசாதவர். சந்தை கட்டலாம் என்றார்கள். எந்தக் கரையில் என்ற கேள்வி வந்ததும் சந்தை கலைந்தது. பொது மண்டபம் என்றார்கள். அதுவும் அதே ஆற்றில் விழுந்தது. பாதை போடலாம் என்றபோது எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் பாலத்துக்கு மேலே இரண்டு ஊருக்கும் நடுவில் ஆப்பு அடித்ததுபோல் செல்வக்கந்தைத் தேயிலைத் தோட்டம் இருந்தது. தோட்டம் எந்தச் சபையின் எல்லைக்குள்ளும் இல்லை. இரு சபைகளின் வரைபடங்களிலும் அந்த இடம் வெள்ளையாகவே விடப்பட்டிருந்தது. அந்த வெள்ளையில் குடியிருந்த ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு வாக்கு இல்லை. எனவே பாதை அவர்கள் வழியாகப் போக வேண்டுமா என்று பேசி யாரும் நேரத்தை வீணாக்கவில்லை; பாதையையே கைவிட்டார்கள்.

நான்காவது கூட்டத்தில், பஸ் போய்விடுமோ என்ற கவலையில் இருந்த கணபதி வாயைத் திறந்தார். கட்டுகிற எதுவும் ஏதாவது ஒரு கரையில்தான் நிற்கும், இரண்டு கரைக்கும் பொதுவாக வேண்டுமென்றால் நடக்கிற திட்டமாகப் பாருங்கள் என்றார். நடக்கிற அபிவிருத்தி எது என்று யோசித்ததில் மாடு அகப்பட்டது. நல்ல சாதிக் காளை ஒன்றை வாங்கி, இரு சபைப் பிரதேசத்திலும் உள்ள பசுக்களோடு சேர்த்து, பால் வளத்தைப் பெருக்குவது. கச்சேரி உடனே சம்மதித்தது. கேட்டவுடன் சம்மதிக்கும்படியான திட்டம் அதுவரை யாரும் அனுப்பியிருக்கவில்லை போலும்.

காளை ரயிலில் வந்து தெமோதரையில் இறங்கியது. சிவப்பில் வெள்ளைத் திட்டுகள், திமில் இல்லாத நேர் முதுகு, சீமை வளர்ப்பு. இரண்டு தலைவர்களும் இரண்டு பக்கமாக நின்று ஒரே நேரத்தில் மாலை போட்டார்கள். பேச்சுகள் நடந்துகொண்டிருக்கும்போது காளை இடப்பக்கத்து மாலையைத் தின்றுவிட்டது. அது யார் போட்ட மாலை, தின்றது மரியாதையா அவமரியாதையா என்று இரு கரைகளிலும் சில நாட்கள் பேச்சு ஓடியது.

வளர்பிறையில் காளை பட்டினத்தில் இருக்கும், தேய்பிறையில் கிராமத்தில் இருக்கும் என்று முடிவானது. அந்த ஆண்டுகளில் நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இல்லாமல் போயிருந்தது. நிலாவின் ஒவ்வொரு கால்பாகத்துக்கும் ஒரு போயா வரும். அந்தப் போயாதான் எல்லோருக்கும் வார விடுமுறை. அலுவலகமும் பள்ளியும் தோட்டமும் நிலாவைப் பார்த்துத்தான் மூடித் திறந்தன. காளையையும் நிலாவிடம் ஒப்படைத்தது அதனால் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

விசித்திரம் அடுத்த கூட்டத்தில் தொடங்கியது. போயா தினத்தில் மனிதரே சில் என்னும் நோன்பு எடுத்து ஒழுக்கம் காத்திருக்கும்போது, அரசாங்கப் பணத்தில் வாங்கிய காளை அந்தத் தொழிலைச் செய்வது முறையா என்று முதியான்சே கேட்டார். முறைதான் என்று சொல்ல அங்கே யாருக்கும் துணிவில்லை. போயா நாட்களில் காளைக்கு ஓய்வு என்று தீர்மானம் நிறைவேறியது. தம் பக்கத்துக்கு ஒன்றும் இல்லாமல் போவதா என்று லத்தீப் ஹாஜியார் யோசித்தார். காளையைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்பட்டிருந்த நஸீர் அவருடைய உறவுக்காரன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அவன் பள்ளிவாசலுக்குப் போகவேண்டும், ஆகவே வெள்ளி நடுப்பகலும் ஓய்வு. எல்லோரும் கணபதியைப் பார்த்தார்கள். கணபதிக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் இந்துக்கள் சார்பில் ஏதாவது சொல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்று பிரதோஷத்தைச் சொன்னார். அன்று மாலை காளை நந்தி. அதுவும் நிறைவேறியது. மூன்று மதங்களின் நல்லிணக்கத்தில் காளைக்கு ஓய்வு பெருகியது.

ஓய்வில்லாத நேரத்திலும் அதற்கு வேலை இருக்கவில்லை. கிராமத்தில் இருந்ததெல்லாம் வயல் உழும் எருமைகள். பட்டினத்தில் ஆடுகள். இரண்டு சபைக்கும் வரி கட்டுகிறவர்கள் மத்தியில் கறவைப் பசு வைத்திருந்தவர்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். காளை தின்றது. பட்டினத்தில் தேங்காய்ப் புண்ணாக்கு போட்டார்கள். பட்டினம் புண்ணாக்குப் போடுகிறதென்று கேள்விப்பட்டுக் கிராமத்தில் தவிட்டோடு பலாக்கொட்டை அவித்துக் கலந்தார்கள். இரு சபைகளின் ஒத்துழைப்பு முதலில் காளையின் தொடையில்தான் தெரிந்தது.

பசுக்கள் எல்லாம் இருந்தது நடுவில், அந்த வெள்ளை இடத்தில். தோட்டத்துத் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குப் பின்னால் வரிசையாகத் தொழுவங்கள். விடியற்காலையில் பட்டினத்துத் தேநீர்க் கடைகளுக்கு வந்த பால் அங்கிருந்துதான் வந்தது. ஹாஜியார் தினமும் குடித்த தேநீரிலும் அது இருந்தது. இது குழுவுக்கு எட்ட ஒரு வருடம் ஆனது. எட்டியதும், தோட்டத்து மாடுகளையும் கருணை அடிப்படையில் அனுமதிப்பதென்று தீர்மானித்தார்கள். மாட்டின் சொந்தக்காரர் நேரில் வர வேண்டும், காளை அன்று எந்தக் கரையில் இருக்கிறதோ அந்தத் தலைவரின் கையெழுத்து வாங்க வேண்டும். தோட்டத்து ஆட்களுக்கு நேரில் வர முடிந்த ஒரே நாள் போயா என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை.

செல்வக்கந்தையில் கொழுந்து எடுக்கும் ரெங்கம்மாவுக்கு ஒரு செவலைப் பசு இருந்தது. பசறையில் கன்றாக வாங்கி, கொட்டும் மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு புல் அறுத்து வளர்த்தது. அவள் படுத்த லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். அவள் தொட்ட செடி தோட்டத்துக்குச் சொந்தம். அவள் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்பதை கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த இரண்டு அரசாங்கங்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தன. அவளுக்குச் சொந்தம் என்று யாரும் வாதாடாமல் ஒத்துக்கொண்டது அந்த மாடு ஒன்றைத்தான்.

அந்த வருஷம் தோட்டத்தை நடத்தப் புதுத் துரை வந்தார். ஒழுங்கு வேண்டும் என்பவர். கறவையும் இல்லாமல் சினையும் இல்லாமல் நிற்கும் மாடு தோட்டத்துப் புல்லைத் தின்னக்கூடாது, தீபாவளிக்கு முன் அப்படிப்பட்டவற்றை வெளியேற்ற வேண்டும் என்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளையைக் கொண்டு சொல்ல வைத்தார். ரெங்கம்மாவின் மாடு அப்போதுதான் பால் வற்றியிருந்தது. வெளியேற்றினால் அதை வாங்க இறைச்சிக்கடையைத் தவிர ஆள் இல்லை. எனவே அது சினை பிடிக்க வேண்டும், தீபாவளிக்குள் பிடிக்க வேண்டும். அவளுக்கு வேறு யோசனை இல்லை.

மாடு ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை கத்தத் தொடங்கியது. காளைக்குக் கத்தும் மாட்டுக்கு அந்த ஒரு நாள்தான். விட்டால் மறுபடி மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது, கூலியும் கிடையாது. பேர் போனால் போகட்டுமென்று ரெங்கம்மா மாட்டை ஓட்டிக்கொண்டு பட்டினத்துக்கு இறங்கினாள். அமாவாசைக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது, காளை கிராமத்தில்தான் என்றார்கள். பாலம் தாண்டி, வயல் வரப்பு சுற்றிக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நஸீர் ஜும்ஆவுக்குப் போயிருந்தான். அவன் வந்த பிறகு கையெழுத்துக் கேட்டான். கையெழுத்துப் போட வேண்டிய முதியான்சே, காளைத் திட்டத்தின் முன்னேற்றம் பற்றிய கூட்டத்துக்காகப் பதுளைக்குப் போயிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் காளை அசை போட்டுக்கொண்டு நின்றது. இந்தப் பக்கம் மாடு கத்திக்கத்தி ஓய்ந்தது.

அடுத்த முறை கத்தியபோது அது போயா நாளாக அமைந்ததில் ரெங்கம்மா சந்தோஷப்பட்டாள். தேய்பிறையின் அரைநிலாப் போயா. தோட்டம் லீவு, பேர் போகாது, காளை கிராமத்தில், தலைவரும் ஊரில். புருஷன் வீரய்யாவையும் கூட்டிக்கொண்டாள்.

காளை கிராம சபை மைதானத்தின் மூலையில் கட்டப்பட்டிருந்தது. அதன் கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. முன்னால் புல்லும் இல்லை; மதியத்துக்கு மேல் உண்ணாதிருப்பதை அதற்கும் பழக்கியிருந்தார்கள். வீரய்யா அதை மேலும் கீழும் பார்த்தான்.

"இது சாமியாராப் போயிருச்சு. வா புள்ள, போவோம்."

ரெங்கம்மா போகவில்லை. முதியான்சே வெள்ளை உடுப்பில் விகாரையிலிருந்து வந்துகொண்டிருந்தார். வழியை மறித்து நிற்காமல், ஆனால் அவர் கடந்து போக முடியாத இடமாகப் பார்த்து நின்றாள்.

"இன்டைக்கு என்ன நாள்?" என்றார் அவர், பிள்ளையைக் கேட்பதுபோல.

"போயாங்க மாத்தயா."

"போயாவுக்கு எதுக்கு லீவு குடுத்திருக்கு? சில் எடுக்க. மாடு கொண்டுவர இல்ல."

"மத்த நாளு எங்களுக்கு லீவு இல்லீங்க. மாடு இன்னிக்குத்தான் கத்துது. அது நாள் பாத்துக் கத்தலீங்க."

"மிருகத்துக்கும் ஒழுக்கம் வேணும். நாங்க பழக்காம யாரு பழக்குறது?"

ரெங்கம்மா காளையைப் பார்த்தாள். அது கண்ணை மூடிக்கொண்டு நின்றது. ஒழுக்கத்தினாலா கொழுப்பினாலா என்று சொல்வது கடினம்.

"ஒங்க காளைக்கு மோட்சம் கெடைக்கும் மாத்தயா," என்றாள். "எம்மாட்டுக்குக் கசாப்புக்கடைதான்."

முதியான்சே இதைக் கேட்டு வருந்தினார். உயிர்க்கொலை பாவம், அந்த மாட்டை எக்காரணம் கொண்டும் கசாப்புக்கு விற்கக்கூடாது என்று அவளுக்கு நீண்ட புத்திமதி சொன்னார். சொல்லி முடித்து வீட்டுக்குப் போனார். வீரய்யா மாட்டைத் திருப்பினான். வழியெல்லாம் அவன் காளையை வைதுகொண்டு வந்தான். அவள் அடுத்த கத்தலுக்கு நாள் எண்ணிக்கொண்டு வந்தாள்.

அதன் பிறகு மாடு ஒரு முறை வேலை நாளில் கத்தியது. அன்று காளை பட்டினத்தில் இருந்தது, ஓய்வு நாளும் இல்லை, ஹாஜியாரும் கடையில் இருந்தார், கையெழுத்தும் கிடைத்தது. ரெங்கம்மா அதிசயப்பட்டாள். ஆனால் காளையால் எழும்ப முடியவில்லை. முன்னங்காலைத் தூக்கப் பார்த்து, மூச்சு வாங்கி, உட்கார்ந்துவிட்டது. புண்ணாக்கைக் குறைத்தால் கிராமம் என்ன நினைக்கும் என்று நஸீர் கவலைப்பட்டான்.

தீபாவளிக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார் என்று தெரிந்தது. மாகாணத்தில் கூட்டுத் திட்டங்கள் என்ன விளைவு கண்டிருக்கின்றன என்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டுமாம். கூட்டுக் குழு கையிருப்பைக் கணக்கெடுத்தது. காட்டுவதற்குக் காளை இருந்தது, வேலி இருந்தது, தீர்மானங்கள் இருந்தன. விளைவு மட்டும் இல்லை.

அந்தி நேரத்தில் கிளாக்கர் கணபதி குடையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு ஏறி வந்தார். அவர் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. ரெங்கம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, உட்காரப் பலகை போட்டாள்.

"ஒரு மாடு வேணும். சினை மாடு," என்றார்.

"எங்கிட்ட இருக்கிறது சினை இல்லீங்களே கிளாக்கரய்யா."

"அது ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வர்றவருக்குத் தெரியாது."

"மாட்டு டாக்டர் தொட்டுப் பாத்தாருன்னா?"

மாட்டு டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார், அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை என்று கணபதி விளக்கினார். அரசாங்கம் இந்த ஒரு விஷயத்தில் தங்களுக்கு உதவியாக இருக்கிறது என்றார். அவள் செய்ய வேண்டியதெல்லாம் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டு வந்து நிறுத்துவது. என்ன கேட்டாலும் ஆமாங்க என்பது.

ரெங்கம்மா தொழுவத்துப் பக்கம் திரும்பி மாட்டைப் பார்த்தாள்.

"தொரை வர்றாரா?"

"மேடையில நாற்காலி போட்டிருக்கு."

"அப்ப அந்தப் பெரியவரு வாயால சொல்லணும், இந்த மாடு சினைன்னு. தொரை காதுல விழணும். விழும்னா ஓட்டியாறேன்."

கணபதி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிறகு விழும் என்றார்.

விழா நெலுவத்தை மைதானத்தில் நடந்தது. தலைப்பிறைக் காலமாகையால் காளை பட்டினத்தின் பொறுப்பில் இருந்தது. ஆனாலும் கிராமத்தார் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து அதன் பின்பாதியைத் தாங்களே கழுவினார்கள். மேடையில் கொழும்பு அதிகாரி, இரு தலைவர்கள், தோட்டத்துத் துரை. கீழே ரெங்கம்மா, செவலைப் பசு. அதன் கொம்பில் மஞ்சள், நெற்றியில் குங்குமம், வயிற்றில் விடியற்காலை அவள் ஊட்டியிருந்த இரண்டு குடம் கழுநீர்.

அதிகாரி இறங்கி வந்து மாட்டின் வயிற்றில் கையை வைத்தார். இதற்குமுன் அவர் தொட்டிருந்த மாட்டுப் பொருள் காலில் போட்ட தோல் சப்பாத்தாகத்தான் இருக்க வேண்டும். கை வைத்த இடத்தில் கழுநீர் குலுங்கியது. அவர் முகம் மலர்ந்தது. எத்தனை மாதம் என்று கேட்டார்.

"மூன்று," என்றார் ஹாஜியார்.

"இரண்டு," என்றார் முதியான்சே.

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். காளை தத்தம் கரையில் இருந்த காலத்தைத்தான் அவரவர் கணக்கிட்டார்கள். கணபதி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அதிகாரிக்கு ஆங்கிலத்தில் இரண்டரை என்று மொழிபெயர்த்தார்.

அதிகாரி ஒலிபெருக்கியில் பேசினார். இந்தப் பசுவின் கருப்பையில் வளர்வது கன்று மட்டுமல்ல, இரு சபைகளின் ஒற்றுமை என்றார். தோட்டத்து ஏழைத் தொழிலாளியின் மாட்டையும் தம் தொழுவத்தில் வைத்துப் பேணுகிற துரையின் பெருந்தன்மைக்கு நன்றி சொன்னார். துரைக்கு அந்தப் பெருந்தன்மை அப்போதுதான் தெரிய வந்தது. ஆனாலும் எழுந்து நின்று கைகூப்பினார். பதுளையிலிருந்து வந்திருந்த படக்காரர் அவரை மாட்டின் முதுகில் கையை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார். அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. அதற்குப் பிறகு அந்த மாட்டை வெளியேற்றுவதென்றால் துரை தம் கையையும் அதோடு வெளியேற்ற வேண்டியிருந்திருக்கும். தீபாவளி வந்தது, வேறு மூன்று லயங்களின் மாடுகள் இறங்கிப் போயின, செவலைக்குத் தொழுவத்தில் மழை ஒழுகாத மூலை கிடைத்தது.

இனி மாடு நிஜமாகவே சினை பிடிக்க வேண்டும். பொய் சில மாதங்கள் தாங்கும். அதற்கு மேல் வயிறு சாட்சி சொல்லிவிடும்.

அந்தப் பக்கத்தில் ஒரு கட்டாக்காலிக் காளை திரிந்தது. கரிக்கறுப்பு, குள்ளம், முதுகில் ஒரு திமில், ஒரு கொம்பு பாதியில் உடைந்தது. யாருடையது என்று யாருக்கும் தெரியாது. பட்டினத்தில் முட்டைக்கோசைத் தின்றுவிட்டு ஆற்றைத் தாண்டிக் கிராமத்தில் நாற்றை மேயும். கிராமத்தில் விரட்டினால் தோட்டத்துக்கு ஏறும். இரு சபைகளும் அதைப் பிடித்து அடைக்கப் பலமுறை ஆள் அனுப்பி, ஆட்கள் மட்டும் திரும்பி வந்திருந்தார்கள். வரைபடத்தின் எல்லைகள் அதற்குத் தெரியாது. வளர்பிறை, தேய்பிறை, போயா, ஜும்ஆ, பிரதோஷம் எதுவும் தெரியாது. உண்மையில் இரண்டு சபைகளுக்கும் பொதுவாக அந்தப் பிரதேசத்தில் உழைத்த ஒரே காளை அதுதான்.

செவலை அடுத்துக் கத்தியபோது ரெங்கம்மா அதை எங்கும் ஓட்டவில்லை. தோட்டத்து எல்லையில் தண்ணீர் ஓடும் கானோரம் கட்டிவிட்டுக் கொழுந்துக்குப் போனாள். பேர் விழுந்தது. மத்தியானம் வந்து பார்த்தபோது கறுப்பன் பக்கத்திலேயே நின்று அவளுடைய புல்லையும் தின்றுகொண்டிருந்தது. அவள் கல் எடுக்கவில்லை.

கூட்டுக் குழு நாட்களை எண்ணிக்கொண்டிருந்தது. இரண்டரை மாதத்தில் தொடங்கிக் கணக்குப் போட்டு, கன்று பிறக்க வேண்டிய மாதத்தைக் கச்சேரிக்கு எழுதியும் ஆகிவிட்டது. அந்த மாதம் வந்தது, போனது. அடுத்த மாதமும் போனது. கச்சேரியிலிருந்து கேட்டார்கள். கூட்டுத் திட்டங்களில் தாமதம் சகஜம் என்று கணபதி பதில் எழுதினார். கச்சேரி அதை ஏற்றுக்கொண்டது. அதற்கு மேல் அவர்கள் கேட்கவே இல்லை.

ஒரு மழை நாளில் செவலை கன்று போட்டது. கிடாரிக் கன்று. கரிக்கறுப்பு. நக்கிக் காயவைத்தபின் எழுந்து நின்றபோது, தோளுக்கு மேலே விரல் கனத்துக்கு ஒரு சிறு திமில் துருத்திக்கொண்டிருந்தது. லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனார்கள். சிரிப்பை அடக்குவதற்கு அது ஒரு வழி.

செய்தி கன்றின் நிறத்தை விட்டுவிட்டுக் கீழே இறங்கியது. கூட்டுத் திட்டத்தின் முதல் கன்று பிறந்துவிட்டது. பட்டினத்தில் பட்டாசு கொளுத்தினார்கள். கிராமத்தில் வெண்பொங்கல் மாதிரிப் பாற்சோறு சமைத்தார்கள். குழு அவசரமாகக் கூடியது. அரசாங்கக் காளைக்குப் பிறந்த முதல் கன்று தனியார் தொழுவத்தில் கிடப்பது திட்டத்தின் கௌரவத்துக்குப் பொருந்தாது, எனவே அதைப் பொதுச் சொத்தாகப் பொறுப்பேற்று வளர்பிறையில் பட்டினத்திலும் தேய்பிறையில் கிராமத்திலும் வளர்ப்பது என்று தீர்மானம் போட்டார்கள். மறுநாளே இரு தலைவர்களும் கணபதியும் நஸீரும் மாலையும் கயிறும் எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஏறினார்கள்.

நஸீர் கையில் கயிற்றைக் கண்டதுமே ரெங்கம்மாவுக்கு விளங்கிவிட்டது. அந்த மாடு கன்று முட்டாமல் பால் சுரக்காது. கன்று போனால் பால் போகும். பால் போனால் மாடு மறுபடி துரையின் கணக்கில் வரும். வீரய்யா தொழுவத்தின் வாசலில் போய் நின்றான். அவள் அவனை விலகச் சொன்னாள்.

கணபதி தீர்மானத்தை வாசித்தார். ஹாஜியார் தன்மையாகவே பேசினார். அவளுக்கு நஷ்டம் வராது, நல்ல கன்று நல்ல இடத்தில் வளரும், எங்கட பெயரோடு உன்ட பெயரும் பத்திரிகையில் வரும் என்றார். முதியான்சே பொதுநலத்துக்காகத் தன்னலத்தைக் கொடுத்தவர்களின் கதை ஒன்றைத் தொடங்கினார்.

ரெங்கம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு தொழுவத்துக்குள் போய்க் கன்றைக் கையால் தூக்கிக்கொண்டு வந்து வெளிச்சத்தில், அவர்கள் நடுவில் விட்டாள்.

"கொண்டு போங்க ஐயாமாரே," என்றாள். "கொண்டுபோய் ஒங்க காளைக்குப் பக்கத்துலயே கட்டுங்க. அப்பனையும் மகளையும் ஊரு சனம் பூரா பாக்கட்டும்."

கன்று கால்களைப் பரப்பிக்கொண்டு நின்றது. மழையில் நனைந்து அதன் கறுப்பு மினுங்கியது. ஹாஜியார் திமிலைப் பார்த்தார். முதியான்சேயும் திமிலைப் பார்த்தார். கதை நடுவில் நின்றது. தாய் செவலை, தகப்பன் சிவப்பும் வெள்ளையும். நஸீர் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

லயத்து வாசல்களில் ஆட்கள் கூடத் தொடங்கினார்கள். எல்லோரும் திமிலையே பார்த்தார்கள். அதுதான் தலைவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

"இதுட நெறம்…" என்று முதியான்சே ஆரம்பித்தார்.

"நெறத்தப் பத்திப் பேச வேணாம் மாஸ்டர்," என்றார் ஹாஜியார் மெதுவாக. "கச்சேரிக்கு எழுதியாச்சு."

பிறகு குரலை உயர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி, தாயிடமிருந்து பிஞ்சுக் கன்றைப் பிரிப்பது பாவமல்லவா என்று கேட்டார். முதியான்சே இன்னும் உரத்த குரலில் ஆமோதித்தார். எந்த மதமும் அப்படிப் பிரிக்கச் சொல்லவில்லை என்றார். கன்று தோட்டத்திலேயே இருக்கட்டும், தோட்டத்து மக்களுக்கு இரு சபைகளின் அன்பளிப்பாக இருக்கட்டும், இந்தப் பக்கம் யாரும் அதைப் பார்வையிட வரவும் தேவையில்லை. கணபதி குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு நின்றபடியே எழுதினார். கூட்டுக் குழு தொடங்கிய நாளிலிருந்து ஏகமனதாக எடுத்த முதல் தீர்மானம் அதுதான்.

இறங்கும்போது மழை வலுத்தது. தலைவர்கள் இருவரும் கீழ்க் கானடிவரை ஒரே குடையில் போனார்கள்.

"மாலை கொண்டாந்தாங்களே, அதக் குடுத்துட்டாவது போயிருக்கலாம்," என்றான் வீரய்யா. "மாடு தின்னிருக்கும்."

ரெங்கம்மா கன்றைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போனாள். செவலை கழுத்தை நீட்டி அதை முகர்ந்தது. கன்று மடியைத் தேடி முட்டியது. பால் இறங்கும்வரை அவள் செம்போடு பக்கத்தில் குந்தியிருந்தாள்.